மெட்டு ஒரு சுற்று, நீளம் ஒரு சுற்று: ஐசோரிதம் என்றால் என்ன?

ஒரு பாட்டை வாய்க்குள் முனகும்போது எந்தச் சுரம் வருகிறது, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு நீளங்களை மட்டும் மாற்றிப் பாடினால், பக்கத்தில் இருப்பவர் ‘இது வேற பாட்டு மாதிரி இருக்கே’ என்பார். 14ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் இசையமைப்பாளர்கள் இந்த ஒட்டைப் பிரித்தார்கள். சுரங்களை ஒரு வரிசையாக வைத்தார்கள். நீளங்களை இன்னொரு வரிசையாக வைத்தார்கள். இரண்டையும் தனித்தனியே சுற்றவிட்டு, அந்தச் சுற்றின்மேல் ஒரு பாட்டையே எழுப்பினார்கள். இந்த உத்தியைத்தான் இன்று ஐசோரிதம் என்கிறோம்.

புரிந்துகொள்ள மேற்கத்திய நோட்டேஷன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் சுரப் பெயர்களே போதும். ஆறு சுரங்களை எடுத்துக்கொள்வோம்: ச ரி க ம க ரி. நான்கு நீளங்களை எடுத்துக்கொள்வோம்: 3, 1, 2, 2. அதாவது முதல் சுரத்தை மூன்று எண்ணிக்கைக்கு இழுக்க வேண்டும், அடுத்ததை ஒன்றுக்கு, அதற்கடுத்த இரண்டையும் இரண்டிரண்டுக்கு. நீளங்கள் தீர்ந்ததும் மறுபடி 3-இல் ஆரம்பிக்க வேண்டும். சுரங்கள் தீர்ந்ததும் மறுபடி ச-வில் ஆரம்பிக்க வேண்டும். வேறு விதியே கிடையாது. செய்து பார்த்தால் இப்படி வரும்:

ச (3) ரி (1) க (2) ம (2)
க (3) ரி (1) ச (2) ரி (2)
க (3) ம (1) க (2) ரி (2)

ஒவ்வொரு வரியும் நீளங்களின் ஒரு முழுச் சுற்று. வரிக்கு வரி நடை அச்சாக ஒன்றுதான். சுர வரிசையோ இரண்டாம் வரியின் நடுவில், யாருக்கும் சொல்லாமல், மறுபடி தொடங்கிவிடுகிறது. முதல் முறை ச-வை மூன்று எண்ணிக்கைக்கு இழுத்தோம். இரண்டாம் முறை அதே ச-வுக்கு இரண்டுதான் கிடைக்கிறது. முதல் முறை மூன்றாவது சுரமான க-வுக்கு இரண்டு எண்ணிக்கை. இரண்டாம் முறை மூன்று. மெட்டு அதேதான், ஆனால் காதுக்கு அதே மெட்டாகப் படுவதில்லை. நீளங்கள் மூன்று சுற்றும் சுரங்கள் இரண்டு சுற்றும் முடியும் இடத்தில், அதாவது 12ஆவது சுரத்தில், இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்கள் சுர வரிசையைக் கொலோர் என்றும் நீள வரிசையைத் தாலேயா என்றும் சொல்லும். (எதற்கு எந்தப் பெயர் என்பதில் அந்த நூல்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பது வேறு விஷயம்.) நிஜமான பாட்டுகளில் தாலேயா பெரும்பாலும் இதைவிட நீளமாக இருக்கும், நடுவே மௌனங்களும் வரும். அந்த மௌனங்களும் நீளக் கணக்கில் சேர்த்திதான். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே அளவுக்கு வரும்.

நம் ஊரில் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாலேயாவைத் தாளத்தின் ஆவர்த்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை மேடையில் எல்லோருக்கும் பொது. கையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். தாலேயா அப்படிப் பொதுவான அளவுகோல் அல்ல, ஒரே ஒரு குரல் மட்டும் திரும்பத் திரும்பப் பாடும் நீளங்களின் குறிப்பிட்ட வரிசை. மிருதங்கக்காரர் ஒரு சொற்கட்டை எடுத்து, அதே சொற்கட்டை இடம் மாறாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போவதாக நினைத்துக்கொண்டால் ஓரளவு பக்கத்தில் வரும்.

சரி, இதை யார் பாடினார்கள்?

ஐசோரிதத்தின் சொந்த வீடு மோட்டெட் என்ற பாட்டு வகை. பெரும்பாலும் மூன்று குரல்கள், சில சமயம் நான்கு. பெரிய பாடகர் குழு எதுவும் கிடையாது. குரலுக்கு ஒருவர் போதும். அடிக்குரலுக்கு டெனர் என்று பெயர். அது கிறிஸ்தவக் கோயில் வழிபாட்டில் பாடப்படும் பழைய கிரிகோரியன் கீதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, மிக மெதுவாக இழுத்துப் பாடும். அதற்கு மேல் இரண்டு குரல்கள் வேகமாக ஓடும், அதுவும் ஆளுக்கொரு கவிதையைப் பாடிக்கொண்டு. ஆமாம், ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பாடல் வரிகள். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞரும் இசையமைப்பாளருமான கியோம் த மஷோ எழுதிய 23 மோட்டெட்களில் முதலாவதில் மேல் குரல்கள் இரண்டும் பிரெஞ்சில் காதலின் இன்பத்தையும் துன்பத்தையும் பாடுகின்றன. கீழே டெனர் பிடித்துக்கொண்டிருப்பது, ‘மிகவும் கசப்பானது’ என்று பொருள்படும் இரண்டே லத்தீன் சொற்களுக்கு உரிய சுரங்களை. காதலைப் பற்றி மஷோ நினைத்தது என்ன என்பதற்கு அந்த அடிக்குரலைப் பார்த்தாலே போதும்.

டெனருக்கு எந்தக் கீதத் துண்டை எடுப்பது என்பது இப்படி ஒரு கருத்துத் தேர்வு. அந்தத் துண்டின் சுரங்கள்தான் கொலோர். அவை கோயில் கீதத்திலிருந்து வருபவை, அவற்றை இசையமைப்பாளர் மாற்றுவது அரிது. தாலேயாவோ முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. மோட்டெட் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு பழைய குறிப்பு, முதலில் நீ எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பொருந்தும் சொற்களுள்ள ஒரு கீதத்திலிருந்து டெனரை எடு, அதை ஒழுங்குபடுத்து, அப்புறம் மற்ற குரல்களுக்குப் போ என்கிறது. அடித்தளம் முதலில், மாடிகள் பிறகு. இன்று நாம் முதலில் மெட்டைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே கோர்ட் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) வைப்பதற்கு நேர் எதிரான வேலைமுறை இது.

நீளத்தை எழுத முடிந்ததால் வந்த வினை

சுரத்தையும் நீளத்தையும் பிரிக்க வேண்டும் என்றால் நீளத்தைத் தனியாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கே ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேல் பிடித்தது. 1163 வாக்கில் பாரிஸில் நோத்ர் தாம் பேராலயம் எழும்பத் தொடங்கியது. அங்கே லெயோனின், பெரோத்தின் என்று நாம் அறியும் இருவரின் பெயரோடு பல குரல் இசை வளர்ந்தது. பெரோத்தினின் நான்கு குரல் பாட்டுகள் 1198, 1199 ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் கால வழிபாட்டோடு தொடர்புள்ளவை. நான்கு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு சுரங்களைப் பாடினால், யார் எப்போது அடுத்த சுரத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு கணக்கு இல்லாமல் முடியாது. அவர்கள் கண்டுபிடித்த கணக்கு ஆறு நடைகள். முதல் நடை நெடில்-குறில், நெடில்-குறில் என்று போகும். நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. இரண்டாவது அதைத் திருப்பிப் போட்டது. ஐந்தாவது மூன்று எண்ணிக்கை கொண்ட பெரிய நெடில்கள் மட்டும். ஆறாவது வெறும் குறில்கள். எல்லாமே மூன்றின் கணக்கு.

இதை எழுதிய விதம் விநோதமானது. தனித்தனிச் சுரத்துக்கு நீளக் குறி கிடையாது. சுரங்களை எப்படிக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து நடையை ஊகிக்க வேண்டும். முதலில் மூன்று சுரக் கொத்து, பிறகு இரண்டிரண்டாக வந்தால் முதல் நடை என்று அர்த்தம். இந்தக் காலத்திலேயே டெனர் குரல் ‘மூன்று நெடில், ஒரு மௌனம்’ போன்ற சின்ன வடிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடும் வழக்கம் வந்துவிட்டது. ஐசோரிதத்தின் விதை அதுதான். ஆனால் அது விதைதான். மூன்று சுரத்துக்கு ஒருமுறை திரும்பும் வடிவத்தைக் காது உடனே பிடித்துவிடும். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் நகரத்து ஃபிராங்கோ ஒரு நூல் எழுதினார். இனிமேல் குறியின் உருவமே நீளத்தைச் சொல்லும் என்றார்: வால் உள்ள கட்டம் நெடில், வால் இல்லாத கட்டம் குறில், சாய்சதுரம் அதைவிடச் சிறியது. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இதற்குப் பிறகுதான் நீளம் என்பது சுரத்திலிருந்து கழற்றி எடுத்துக் கையாளக்கூடிய பொருளாகிறது.

அடுத்த பெரிய பெயர் பிலிப் த வித்ரி. 1291-இல் பிறந்தவர், கவிஞர், அரசவை அதிகாரி, 1351-இல் மோ நகரத்தின் ஆயர். இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கின் நண்பர். 1320 வாக்கில் ஆர்ஸ் நோவா, அதாவது புதிய கலை, என்ற தலைப்பில் அவருடைய போதனைகள் புழக்கத்துக்கு வந்தன. முக்கியமான மாற்றம் ஒன்றுதான்: மூன்றாகப் பிரிப்பது போலவே இரண்டாகப் பிரிப்பதும் சரிசமம். அதுவரை மூன்றுதான் முழுமை, திரித்துவத்தின் எண் என்ற எண்ணம் இருந்தது. இப்போது ஒரு நெடிலை மூன்று குறிலாகவோ இரண்டு குறிலாகவோ பிரிக்கலாம், அந்தக் குறிலையும் மூன்றாகவோ இரண்டாகவோ பிரிக்கலாம், அதற்குக் கீழே மினிமா என்ற இன்னும் சிறிய அளவு வேறு. கலவைகள் பெருகிவிட்டன.

இங்கே ஒரு சின்ன விலகல், இதை விட மனம் வரவில்லை. எல்லா நீளங்களும் 2, 3 ஆகிய எண்களின் பெருக்கங்களாகிவிட்டதால் வித்ரிக்கு ஒரு கணிதச் சந்தேகம் வந்தது. 2-ஐ மட்டும் பெருக்கிப் பெருக்கிக் கிடைக்கும் எண்களும் 3-ஐ மட்டும் பெருக்கிக் கிடைக்கும் எண்களும் ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் அடுத்தடுத்து வருவது எத்தனை முறை? 1-2, 2-3, 3-4, 8-9 என்று நான்கு ஜோடிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. இதற்கு மேல் உண்டா? தெற்கு பிரான்சில் வாழ்ந்த யூத அறிஞர் லேவி பென் கெர்சோன் 1340களின் தொடக்கத்தில், வித்ரி கேட்டுக்கொண்டதற்காக, இதற்கு மேல் கிடையாது என்று நிறுவிக் கொடுத்தார். ஓர் இசையமைப்பாளர் கேட்ட கேள்விக்கு எண்கணிதத்தில் ஒரு தேற்றம் பதிலாக வந்த காலம் அது. ஐசோரிதம் எப்படிப்பட்ட மனங்களில் தோன்றியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சிவப்பு மையும் ஒரு குள்ளநரியும்

புதிய உத்தியின் தொடக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஃபோவெல் என்ற கழுதையின் (குதிரை என்றும் சொல்வார்கள்) கதையைப் பார்க்க வேண்டும். அரசவை ஊழலைக் கிண்டல் செய்யும் நெடுங்கவிதை அது. 1317-18 வாக்கில் தயாரான அதன் அலங்காரப் பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் கதைக்கு நடுநடுவே ஏராளமான பாட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, வித்ரி எழுதியதாகக் கருதப்படும் ஒரு மோட்டெட். ஒரு குரல் ‘சேவல் புலம்புகிறது’ என்று ஆரம்பிக்கிறது. சேவல் என்றால் பிரெஞ்சு மக்கள். குள்ளநரி சேவல்களைக் கடித்துத் தின்கிறது, குருட்டுச் சிங்கம் பேசாமல் இருக்கிறது. குள்ளநரி யார் என்று அன்று பாரிஸில் எல்லோருக்கும் தெரியும்: மன்னர் நான்காம் பிலிப்பின் கருவூலத்தைக் கையில் வைத்திருந்த ஆங்கெரான் த மாரிஞி. 1315-இல் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

மேலே இவ்வளவு சூடான அரசியல் ஓடும்போது கீழே டெனர் என்ன செய்கிறது? ஒரு தாலேயாவை ஆறு முறை திருப்பிப் பாடுகிறது. மூன்று முறை முடியும்போது கொலோர் ஒரு சுற்று முடிகிறது. ஆக மொத்தம் கொலோர் இரண்டு சுற்று. இந்த டெனரை எழுதியவர் இரண்டு வண்ண மை பயன்படுத்தினார். கறுப்பு மையில் இருக்கும் நெடிலுக்கு மூன்று குறில். சிவப்பு மையில் இருக்கும் நெடிலுக்கு இரண்டே குறில். ஒரே தாலேயாவுக்குள் நடை மும்மையிலிருந்து இருமைக்கு மாறி, மறுபடி மும்மைக்கு வருகிறது. பாடுபவர் எண்ணிக்கையைத் தவறவிட்டால் மேலே இருக்கும் இரண்டு பேரும் அம்போ.

தாளில் இதைப் பார்க்கும்போது இன்னொரு விஷயமும் விளங்கும். அன்று எல்லாக் குரல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் வழக்கம் இந்த வகைப் பாட்டுக்கு இல்லை. ஒவ்வொரு குரலையும் பக்கத்தின் தனித்தனி இடத்தில் எழுதுவார்கள். மேல் குரல்கள் சொற்கள் நிறைந்து பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும், டெனர் கீழே ஓரிரு வரியில் அடங்கிவிடும். திரும்பப் பாட வேண்டியதை மறுபடி எழுதத் தேவையில்லை, ஒரு குறி போட்டால் போதும். எந்தப் பாடகருக்கும் மற்றவர் என்ன பாடுகிறார் என்பது தாளில் தெரியாது, காதில்தான் தெரியும். முழுப் படத்தை வைத்திருந்தது இசையமைப்பாளரின் தலை மட்டுமே.

மஷோவின் கிரியே

நிஜமாகக் கேட்டுப் பழக ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள் என்றால் நான் மஷோவின் நோத்ர் தாம் திருப்பலி (கத்தோலிக்கப் பூசை) இசையின் தொடக்கமான ‘கிரியே’யைச் சொல்வேன். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்ற வேண்டுதல். பெயரில் நோத்ர் தாம் இருந்தாலும் இது பாரிஸ் அல்ல. நோத்ர் தாம் என்பது மரியாளைக் குறிக்கும் பெயர். ரேன்ஸ் நகரப் பேராலயத்தோடு தொடர்புள்ள இசை இது. மஷோ அங்கே கானன் என்ற பேராலயப் பதவி வகித்தவர், 1377-இல் இறந்தவர். திருப்பலியின் மாறாத பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் சேர்த்து இசையமைத்ததாக நமக்குப் பெயரோடு கிடைக்கும் முதல் படைப்பு இதுதான். நான்கு குரல்கள். சொற்கள் அதிகமுள்ள குளோரியா, கிரேதோ இரண்டையும் எல்லாக் குரல்களும் ஒன்றாக அசை பிரித்துப் பாடும்படி நேராக அமைத்துவிட்டார். சொற்கள் குறைவாக உள்ள கிரியே, சாங்துஸ், ஆக்னுஸ் போன்றவற்றில் ஐசோரிதம்.

முதல் கிரியேயின் டெனரில் பழைய கீதத்தின் 28 சுரங்கள் இருக்கின்றன. தாலேயாவுக்கு நான்கே சுரம். ஆகவே தாலேயா ஏழு முறை வரும். கொலோர் ஒரே ஒரு முறைதான், திரும்புவதே இல்லை. மேலே நாம் போட்ட உதாரணத்தில் இரண்டுமே திரும்பின. இங்கே நீளம் மட்டும் திரும்புகிறது. இரண்டுமே ஐசோரிதம்தான். நீள வரிசை திரும்ப வேண்டும் என்பதுதான் கட்டாயம், கொலோர் திரும்புவது இசையமைப்பாளரின் விருப்பம். டெனருக்குத் துணையாக அதே உயரத்தில் ஓடும் இன்னொரு அடிக்குரலுக்கும் மஷோ தனியாக ஒரு தாலேயா வைத்திருக்கிறார்.

கேட்கும்போது டெனரின் ஏழு சுற்றையும் எண்ண முயல வேண்டாம். முதல் தடவை அது முடியாது. குரல்கள் அகலமாக விரிந்து நிற்பதும், நடுவே கடினமான சேர்க்கைகள் உரசிக்கொண்டு போவதும்தான் முதலில் காதில் விழும். மார்செல் பெரெஸ் தலைமையில் ஆன்சாம்பிள் ஒர்கானும் குழு பாடிய பதிவு ஒன்று உண்டு. அதில் குரல்களைக் கமகம் போல அசைத்து, கரகரப்போடு பாடுவார்கள். ஹில்லியர்ட் ஆன்சாம்பிள் பாடியது வழவழப்பாக, தெளிவாக இருக்கும். கணக்குப் பிடிபட வேண்டும் என்றால் இரண்டாவது. மயிர் கூச்செறிய வேண்டும் என்றால் முதலாவது.

காதுக்கே தெரியாததற்கு இவ்வளவு பாடா?

ஐசோரிதத்தைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். தாலேயா ஒரு சுற்று முடிய அரை நிமிடம் ஆகலாம். அரை நிமிடத்துக்கு முன்னால் அடிக்குரல் எந்த நீளத்தில் பாடியது என்று யார் ஞாபகம் வைத்திருப்பார்? இது கண்ணுக்கான கணக்கு, காதுக்கானது அல்ல என்று பலரும் எழுதிவிட்டார்கள். பாதி உண்மை. நடுவில் சுற்று தெரியாது என்பது சரி. ஆனால் சுற்று முடியும் இடங்களை இசையமைப்பாளர்கள் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

காட்டிக்கொடுத்த வழி ஹாக்கெட். இரண்டு குரல்கள் ஒரு மெட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளும்: ஒருவர் ஒரு சுரம் பாடி நிறுத்துவார், அந்த நிறுத்தத்தில் மற்றவர் அடுத்த சுரத்தைப் பாடுவார், இவர் நிறுத்தும்போது அவர். இருவரும் சேர்ந்தால்தான் மெட்டு முழுமை. விக்கல் எடுத்தது போல ஒரு துள்ளல் வரும். அசந்து தூங்குபவரைக்கூட எழுப்பிவிடும். வித்ரி, மஷோ இருவரும் பல மோட்டெட்களில் இந்தத் துள்ளலைத் தாலேயாவின் கடைசிப் பகுதியில் வைத்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். அங்கே மேல் குரல்களின் நடையும் சுற்றுக்குச் சுற்று ஒத்துப்போகும். ஆகவே மோட்டெட் கேட்கும்போது டெனரைத் தேடாதீர்கள், மேலே குரல்கள் துள்ளத் தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். ஒரு முறை துள்ளியது, சற்று நேரம் கழித்து மறுபடி அதே போலத் துள்ளியது என்றால், அந்த இடைவெளிதான் தாலேயா. இரண்டாவது துள்ளலுக்குப் பிறகு மூன்றாவதைக் காது தானாகவே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. 1324-25 வாக்கில் அவிஞோனிலிருந்து திருத்தந்தை 22ஆம் யோவான் ஓர் ஆணை வெளியிட்டார். புதிய பள்ளியைச் சேர்ந்த சிலர் காலத்தை அளப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள், சின்னச் சின்னச் சுரங்களாக நறுக்குகிறார்கள், ஹாக்கெட்டால் மெட்டை வெட்டுகிறார்கள், மேலே உள்ளூர்மொழிப் பாட்டுகளை ஏற்றுகிறார்கள், அடியிலிருக்கும் புனிதக் கீதம் யாருக்கும் தெரியாமல் போகிறது என்பது அவருடைய குறை. ஒரு வகையில் அவர் நல்ல ரசிகர்தான். என்ன நடக்கிறது என்பதை வரிக்கு வரி சரியாகப் பிடித்திருக்கிறார், பிடிக்கவில்லை அவ்வளவுதான். மஷோ கிரியே எழுதியது இந்த ஆணைக்குப் பல பத்தாண்டுகள் கழித்து.

சுருங்கும் சுற்று

அடுத்த வளர்ச்சி சுருக்கம். கொலோர் இரண்டாம் முறை வரும்போது எல்லா நீளங்களையும் பாதியாக்கிவிடுவார்கள். 3, 1, 2, 2 என்பது ஒன்றரை, அரை, ஒன்று, ஒன்று ஆகும். அடிக்குரல் இரட்டை வேகத்தில் போகும்போது மேல் குரல்களும் விரட்டப்படும், ஹாக்கெட்டும் நெருக்கி நெருக்கி வரும். பாட்டின் கடைசிப் பகுதி கிடுகிடுவென்று முடியும். நம் கச்சேரியில் காலம் ஏறும்போது வரும் விறுவிறுப்பு இங்கே கட்டமைப்பிலேயே இருக்கிறது. பாடுபவர் வேகத்தை ஏற்ற வேண்டியதில்லை, நீளங்கள் தானாகச் சுருங்குகின்றன. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெனரை மட்டுமல்லாமல் எல்லாக் குரல்களையும் ஒரே நீள வரிசையில் சுற்றவிடும் பாட்டுகளும் வந்தன. எனக்கு அவை கொஞ்சம் இறுக்கமாகப் படும். கீழே இறுக்கம், மேலே சுதந்திரம் என்ற பழைய ஏற்பாட்டில்தான் உயிர் இருக்கிறது.

இந்தச் சுருக்கக் கணக்கின் உச்சமாக எல்லோரும் காட்டுவது 1436 மார்ச் 25 அன்று ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் அர்ப்பண விழாவுக்காக கியோம் துஃபாய் எழுதிய மோட்டெட். புருனெல்லெஸ்கி கட்டிய அந்தப் பிரம்மாண்டக் குவிமாடத்தின் கீழே, திருத்தந்தை நான்காம் யூஜின் முன்னிலையில் நடந்த விழா. துஃபாய் இத்தாலியர் அல்ல, வடக்கே காம்ப்ரே பேராலயத்தில் வளர்ந்தவர். இதில் இரண்டு டெனர்கள். இரண்டும் ‘இந்த இடம் அச்சத்துக்குரியது’ என்ற கோயில் அர்ப்பணக் கீதத்தையே எடுத்துக்கொண்டு வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு நேரத்தில் நுழைகின்றன. டெனர் மெட்டு நான்கு முறை வரும். தாளில் ஒரே ஒருமுறைதான் எழுதியிருக்கும், முன்னால் நான்கு விதமான அளவுக்குறிகள். நான்கு முறையும் பிடிக்கும் நேரம் 6:4:2:3 என்ற விகிதத்தில் மாறுகிறது.

ஏன் 6:4:2:3? 1973-இல் சார்ல்ஸ் வாரன் என்ற ஆய்வாளர், அது ஃபிளாரன்ஸ் பேராலயக் கட்டடத்தின் அளவு விகிதம் என்றார். படித்தவர்கள் எல்லோரும் சொக்கிப்போனார்கள். கல்லில் கட்டிய கோயிலையே குரலில் கட்டிவிட்டார் என்பது யாருக்குத்தான் பிடிக்காது? 1994-இல் கிரேக் ரைட், கட்டடத்தின் உண்மையான அளவுகள் அந்த விகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். பைபிளில் அரசர்கள் முதல் நூல் சாலமோன் கட்டிய ஆலயத்தின் அளவுகளைச் சொல்கிறது: நீளம் 60 முழம், அதில் கருவறைக்கு முன்னுள்ள பகுதி 40, அகலம் 20, உயரம் 30. துஃபாய் மனத்தில் இருந்தது அந்த ஆலயம் என்பது ரைட்டின் வாதம். எனக்கு இதுதான் நம்பும்படியாக இருக்கிறது. அளவுநாடாவோடு குவிமாடத்தைச் சுற்றி வந்த இசையமைப்பாளரைவிட, பைபிளைப் புரட்டிய குருவானவரை நம்புவது எளிது.

துஃபாய் தலைமுறையோடு ஐசோரிதம் ஓய்ந்துவிட்டது. ஐசோரிதம் என்ற பெயரே 1904-இல் ஃபிரிட்ரிஷ் லுட்விக் என்ற ஜெர்மன் அறிஞர் வைத்தது. மஷோவிடம் போய் ஐசோரிதம் என்றால் விழிப்பார். மார்கரெட் பென்ட் போன்ற இன்றைய அறிஞர்கள் இந்தப் பெயரை எல்லா மோட்டெட்டுக்கும் ஒட்டுவது சரியில்லை என்று வாதிடுகிறார்கள். சுருங்கி வரும் டெனரில் நீளங்கள் ‘அதே’ நீளங்கள் அல்லவே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

உத்தி 20ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட ஒலிவியே மெஸ்ஸியான், கெர்லிட்ஸ் நகரத்துப் போர்க்கைதிகள் முகாமில் ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’யை முடித்தார். 1941 ஜனவரி 15 அன்று அந்த முகாமிலேயே அதை வாசித்தார்கள். அதன் முதல் பகுதியில் பியானோவுக்கு 29 கோர்ட்கள் கொண்ட கொலோர், 17 நீளங்கள் கொண்ட தாலேயா. இரண்டுமே பகா எண்கள். அதனால் இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வர 29×17, அதாவது 493 கோர்ட் வாசிக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடும். அந்த 17 நீளங்களும் எங்கிருந்து வந்தவை தெரியுமா? ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களை அடுத்தடுத்து வைத்து எடுத்தவை. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசவையில் இருந்த சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களில் இவையும் அடக்கம். மெஸ்ஸியான் அந்தப் பட்டியலை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் பார்த்திருந்தார்.

அந்தப் பகுதியைக் கேட்கும்போது பியானோவை எண்ணப் போகாதீர்கள். செலோ என்ற பெரிய வயலினுக்கு ஐந்தே சுரம், 15 நீளம். சுரங்கள் மூன்று சுற்று முடிந்தால் நீளங்கள் ஒரு சுற்று முடியும். உயரத்தில், கிறீச்சிடும் மெல்லிய ஒலியில் வருவதால் தனியாகக் காதில் விழும். அந்த ஐந்து சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு முறையும் அவற்றின் நீளம் எப்படி மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.